மேற்குச் சுவரில் நான் பூசியது

பாசமுள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் சலாம் என் காதுக்கு எட்டாது என்று தெரியும். சலாம் சொல்லாமல் பேச்சை ஆரம்பித்தால், போனை வைத்துவிட்டு மறுபடி கூப்பிடச் சொல்கிற ஆளாச்சே நீங்க. அதனால் சொல்லிவிட்டேன்.

இங்கே மழை பிடித்துவிட்டது. ஐப்பசி பாதிகூடத் தாண்டவில்லை, பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி வரைக்கும் வானம் ஒரே மூட்டமாக நிற்கிறது. உங்க தொட்டி நிரம்பிவிட்டது மச்சான். நீங்க சொன்னபடியே முதல் மழையை வெளியே திருப்பிவிட்டு, கூரை நன்றாகக் கழுவினதுக்கு அப்புறம்தான் தண்ணியை உள்ளே விட்டோம். பனைமரத்தைக் குடைந்து வைத்த தூம்பிலிருந்து தண்ணி விழுகிற சத்தம் அடுப்படி வரை கேட்கிறது. அக்கா அந்தத் தண்ணியில்தான் சோறாக்குகிறாள். இனிமேல் கோடை வரைக்கும் லாரித் தண்ணிக்காக யார் வாயையும் பார்க்க வேண்டாம்.

இது நல்ல சேதி. நல்ல சேதியை முதலில் சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்வதுதான் நம்ம வீட்டுப் பழக்கம். இன்றைக்கு நிறுத்தப் போவதில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மச்சான் என்று நான் கூப்பிடுவது என் அக்கா ஜைனம்புவின் கணவரை. இருபத்திரண்டு வருசம் சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். இந்த ஆவணியில் அங்கேயே மவுத்தாகி, அந்த மண்ணிலேயே அடக்கமாகிவிட்டார். நான் அருப்புக்கோட்டையில் சிமெண்டு, கம்பி, பெயிண்டு விற்கிறவன். மூட்டை தூக்க வந்து, அதே தெருவில் சொந்தக் கடை போட்டவன். திருச்சுழி ரோட்டில் இவர் ஆசைப்பட்ட வீட்டை, இவர் போனில் சொல்லச் சொல்ல, நின்று கட்டினது நான்தான்.

அந்த ஆசையை முதலில் கேட்டபோது நான் சிரித்ததை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. ஒரு டிராக்டர் காலையில் கிளம்பி மத்தியானச் சோத்துக்குள் லோடோடு திரும்புகிற தூரம், அதைத் தாண்டி ஒரு சாமானும் வரக்கூடாது என்றீங்க. மண்ணு பக்கத்துக் காட்டில், சுண்ணாம்பு பந்தல்குடிப் பக்கம், சட்டத்துக்குப் பனை, கதவுக்கு வேம்பு, ஓடு திருச்சுழியில் இடித்த பழைய வீட்டிலிருந்து. தண்ணிக்கு மழை, அடுப்புக்கு வேலியோரத்துக் கருவேல விறகு. சரி, கரண்டுக்கு என்ன செய்வீக, சோலார் தகடு எந்தக் காட்டில் விளையுது என்று மடக்கினேன். தகடு எங்கிட்டிருந்து வந்தா என்னலே மாப்ள, வெயிலு நம்ம ஊருதானே என்றீங்க. அந்த வெயிலைப் பற்றி இந்த ஊரில் யார் என்ன பேச முடியும்?

ஊரெல்லாம் ஏசி மாட்டிக் கொடுத்த மனுசன், ஏசி வேண்டாத வீடு கேட்டீங்க. தகர ரூமில் ஆறு பேரோடு இத்தனை வருசம் மெசின் காத்தில் படுத்தது போதும், இனி சுவரு விடுற மூச்சில்தான் படுப்பேன் என்றீங்க. கடையில் இதைச் சொன்னதும் என்னைக் கேலி பண்ணாத ஆள் இல்லை. கறிக்கடை பாய் வீட்டு விருந்தில் கத்தரிக்காய் பிரியாணியாம் என்று டீக்கடையில் வைத்தே சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்தான், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் வேலையில் நான் குறை வைக்கவில்லை. உங்க நிலத்துக் கரிசலிலேயே கட்டணும் என்று பிடிவாதம் பிடித்தீங்க. பழைய காப்பித்தூள் பாட்டிலில் மண்ணைப் போட்டு, தண்ணி ஊற்றிக் குலுக்கி, தெளிந்த பிறகு போட்டோ அனுப்பச் சொன்னீங்க. அனுப்பினேன். கரிசலில் மண்கல் அறுத்துக் காய வைத்தேன். மூணாம் நாள் ஒவ்வொரு கல்லும் வாயைப் பிளந்து கிடந்தது. அதையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அன்றைக்கு ராசியாகி, செவக்காட்டு மண்ணுக்குச் சம்மதித்தீங்க. அந்தக் கெட்ட சேதியைச் சொன்ன மாதிரியே கடைசி வரை சொல்லியிருந்தால், இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

மண் மிதிக்கவும் சுவர் வைக்கவும் மாரியம்மாளைக் கூட்டி வந்தேன். திருச்சுழிப் பக்கம் ஒரு காலத்தில் களையெடுக்கப் போனவர், இப்போது எட்டுப் பேரை வைத்து காண்ட்ராக்ட் எடுத்து வேலை செய்கிறவர். ஒரு நாளைக்கு ஒன்றரை அடி உயரம்தான் ஏற்றுவார். அது காய்ந்த பிறகுதான் அடுத்தது. நான் சுத்திச் சுத்தி அவசரப்படுத்துவேன். பாய், சுவத்தைத் தட்டி எழுப்ப முடியாது, தானா எந்திரிக்கும் என்பார்.

வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. ஜும்ஆ தொழுதுவிட்டு வீடியோ காலில் வருவீங்க. நான் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றுவேன். அந்த மூலையைக் காட்டு, நகத்தால் கீறிப் பாரு, சுவத்துல காதை வைலே என்று விரட்டுவீங்க. சுவரில் காதை வைத்து நான் என்னத்தைக் கேட்பது? ஆனாலும் வைத்தேன். போனில் உங்க முகத்தில் அப்போது வருகிற சிரிப்புக்காக வைத்தேன்.

இனிமேல்தான் விசயம்.

ரெண்டு வருசத்துக்கு முந்தின ஐப்பசியில், மூன்று பக்கம் கூரை இறக்கியாச்சு, மேற்குப் பக்கம் மட்டும் தாழ்வாரம் பாக்கி. நாலு நாளில் போட்டுவிடலாம் என்று இருந்தோம். ஒரு சாயங்காலம் மேல்காற்றோடு சாரல் அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் மேற்குச் சுவரில் ஒரு விரல்கடை ஆழத்துக்கு மண் கரைந்து, கீழே குழம்பாகக் கிடந்தது. மாரியம்மாள் வந்து பார்த்துவிட்டு, இது ஒண்ணுமில்ல, காய விட்டு மறுபடி மண்ணு பூசிருவோம், பத்து நாள் பொறுங்க என்றார்.

அந்தப் பத்து நாளை என்னால் பொறுக்க முடியவில்லை. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வருகிறதே. போனில் அந்தச் சுவரைக் காட்டினால் உங்க முகம் என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன். அங்கே இருக்கிறவர்களுக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது நம்ம வீடுகளில் யாரும் எழுதி வைக்காத சட்டம். இங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் சும்மா சளிதான் என்போம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒற்றை ஆளாக இருக்கிறவர் கேட்டு என்ன செய்ய முடியும், ராத்தூக்கம் கெட்டுப்போவதுதான் மிச்சம் என்று நமக்கு நாமே ஒரு நியாயம் வைத்திருக்கிறோம்.

கடையிலிருந்து ஆறு மூட்டை சிமெண்டு இறக்கினேன். டவுனிலிருந்து ரெண்டு கொத்தனார். ரெண்டே நாளில் மேற்குச் சுவர் முழுக்க வெளிப்பக்கம் சிமெண்டுப் பூச்சு. அதுக்கு மேலே செம்மண்ணைக் கரைத்து அடிக்கச் சொன்னேன், போனில் நிறம் தெரியக்கூடாது என்று. மாரியம்மாள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார்கள் போன பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெளியில இருந்து தண்ணி உள்ள போகாது பாய், சரி. உள்ள போன தண்ணி எங்கிட்டு வெளிய வரும்?"

இருபது வருசமா சிமெண்டு விற்கிறவன்கிட்டயே கேட்கிறீகளா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மேற்குச் சுவரைப் பார்த்துவிட்டு, இதுதாம்லே எல்லாத்துலயும் நல்லா வந்திருக்கு, என்ன கலந்தீக என்று கேட்டீங்க. எல்லாம் மாரியம்மா கைவாகு என்றேன். அவர் பக்கத்தில்தான் நின்றார். போனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மண் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் பொய்யை அவர் தலையில் ஏற்றி வைத்தேன், அவரும் இறக்கி வைக்காமல் சுமந்தார். இதை எழுதும்போதுதான் அது எனக்கு உறைக்கிறது.

போன வருசம் மழை ஏமாற்றியது. காடெல்லாம் காய்ந்து ஊரே தலையில் கை வைத்தது. நான் மட்டும் தப்பித்தேன்.

மாசியில் நாற்பது நாள் லீவில் வந்தீங்க. உங்க வீட்டில் நீங்க இருந்தது மொத்தமே அந்த நாற்பது நாள்தான் மச்சான். வந்த அன்றைக்குக் கட்டிலை மேற்குச் சுவரோரம் போட்டீங்க, வாசலும் ரோடும் தெரியும் என்று. நாலாம் நாள் கேட்டீங்க, இந்தப் பக்கம் மட்டும் ஏன் மாப்ள வெக்கையா இருக்கு என்று. மேற்கு வெயில் மச்சான், எந்தச் சுவர்தான் தாங்கும் என்றேன். நீங்க வெளியே வந்து விரலை மடக்கிச் சுவரைத் தட்டினீங்க. கொஞ்சம் மேலே தட்டினீங்க. அப்புறம் உள்ளே போய்க் கட்டிலைக் கிழக்குப் பக்கம் இழுத்துப் போட்டீங்க.

இருபத்திரண்டு வருசம் சுவரைத் துளைத்து மெசின் மாட்டின கை அது. மண்ணுக்கும் சிமெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த விரலுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தும் விட்டுட்டீங்களா? நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தீங்களா? இதைக் கேட்க எனக்கு இனி ஆள் இல்லை.

ஆவணியில் உங்க ரூம்காரர் போன் பண்ணினார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போவதுக்குள் முடிந்துவிட்டது என்றார். ரெண்டு மூணு மாசமாகவே வலி வந்து வந்து போனதாம், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தாராம். நான் யார் யாருக்கோ போன் போட்டேன். எதையும் பேசி முடித்துவிடலாம் என்று இருந்தவன் நான். எந்த நம்பரில் பேசினாலும் காகிதம், கையெழுத்து, காத்திருங்கள். கடைசியில் அக்காதான், அவுகளைக் காக்க வைக்க வேண்டாம், அங்கேயே அடக்கம் பண்ணட்டும் என்று சொன்னாள்.

நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கிறாள். புருசன் இறந்த பிறகு புருசன் வீட்டை விட்டு வெளியேறாமல் இருக்கிற காலம். உங்க வீட்டில்தான் இருக்கிறாள். அது மார்கழி கடைசியில்தான் முடியும். மழை இப்போதே வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறந்துகொண்டிருந்தேன், அக்கா போன். தம்பி, மேக்குச் சுவத்துல இருந்து பெரிய பாளமா உரிஞ்சு விழுந்திருச்சு, வந்து பாரு என்றாள். போனேன். கட்டில் அகலத்துக்குச் சிமெண்டு பெயர்ந்து முற்றத்தில் கிடந்தது. பூச்சுக் கீறலில் இறங்கின தண்ணி வெளியேற வழியில்லாமல், உள்ளே இருந்த மண் கை வைத்தால் அல்வாவாட்டம் அமுங்கியது. அதுக்கு மேலே சுவர் வயிறு தள்ளி நின்றது.

என் புத்தி என்ன செய்தது தெரியுமா? போனை எடுத்து, கடையிலிருந்து நாலு மூட்டை ஏற்றச் சொல்ல நம்பரைத் தேடியது. இதுதான் நான். அக்கா ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மண்ணு சுவத்துல இந்தச் சாம்பக் கலரு எங்கிட்டு இருந்துடா வந்துச்சு?"

சொல்லிவிட்டேன். சாரல் அடித்ததிலிருந்து, மாரியம்மாள் கேட்டதிலிருந்து, நீங்க தட்டினதுவரை எல்லாம். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும். தூணோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க மச்சானுக்கு வலி வந்தது எனக்குத் தெரியும்டா. மாசியில வந்தப்பவே எங்கிட்ட சொன்னாக. தம்பிகிட்ட சொல்லிராத, போட்டது போட்டபடி ஓடி வந்து என்னை டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டு அலைவான், இருக்கிற நாப்பது நாளும் ஆஸ்பத்திரியிலயே போயிரும்னாக. நானும் சரின்னுட்டேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்களை இழுத்துக்கொண்டு அலைந்திருப்பேன் மச்சான், அது உண்மைதான். மதுரைக்கு, தேவைப்பட்டால் மெட்ராசுக்கு. காரைக்கூட நிறுத்தாமல் போயிருப்பேன். உங்களுக்கு அது தெரிந்ததால்தானே எனக்குச் சொல்ல விடவில்லை. நீங்க வருத்தப்படுவீங்க என்று நான் சுவரை மறைத்தேன். நான் ஓடி வருவேன் என்று நீங்க நெஞ்சு வலியை மறைத்தீங்க. இதில் யார் யாருக்கு நல்லது செய்தோம்?

என் வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சினேன். உசிருக்கு ஆபத்து என்றால் இத்தாவில் இருக்கிறவளும் இடம் மாறலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வந்து சொன்னேன். ஹஜ்ரத் சொன்னது சரிதான், ஆனா எனக்குக் கிழக்கு ரூம் இருக்கு, அதுல ஒரு கீறல் இல்லை என்றாள். அவுக ஆசைப்பட்ட வீட்ல அவுக நாப்பது நாள்தான் இருந்தாக, பாக்கியை நான் இருந்துட்டுப் போறேன் என்றாள்.

மாரியம்மாளைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. கூப்பிட்டேன், வந்தார். பழசை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உச்சியிலிருந்து அடி வரை சுவரைத் தடவிப் பார்த்தார். பனங்கட்டைகளை வைத்து உள்ளேயும் வெளியேயும் முட்டுக் கொடுத்தார். தார்ப்பாயைச் சுவரில் ஒட்டாமல், காற்றுப் போகிற மாதிரி தள்ளிக் கட்டச் சொன்னார். மிச்சச் சிமெண்டை மேலேயிருந்து கீழே ஒவ்வொரு முழமாக உரிக்கணும், அப்போதுதான் சுவர் காயும், ஒரேயடியாக உரித்தால் சாரலுக்குத் தாங்காது என்றார். நிக்குமா என்று கேட்டேன்.

"பதினைஞ்சு நாள் மழை விட்டுச்சுன்னா நிக்கும் பாய். விடலைன்னா எங்கையில ஒண்ணுமில்ல."

மழை எங்கே விடுகிறது மச்சான்? இதுதான் எனக்குப் பெரிய சோதனை. போன வருசம் பூராவும் மழைக்காக ஊரே அழுதது. இந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எல்லோரும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக் கையேந்தினார்கள். பக்கத்தில் இருந்தவருக்கு ரெண்டு ஏக்கர் பருத்தி, அவர் கண்ணெல்லாம் தண்ணி. இந்தக் காட்டில் இருந்துகொண்டு, யா அல்லாஹ் பதினைந்து நாளைக்கு மழையை நிறுத்து என்று எப்படிக் கேட்பேன்? கையை ஏந்தினேன். ஒன்றும் கேட்காமல் முகத்தில் தடவிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது தினமும் மத்தியானம் கடையை என் மகளைக் கட்டின மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். உளியும் சுத்தியலும் வைத்து நானே உரிக்கிறேன். நான் விற்ற சிமெண்டு நல்ல பிடிப்பு, அதைச் சொல்லித்தான் ஆகணும். மண்ணையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டுதான் வருகிறது. முந்தாநாள் அரை முழம். நேற்று மழை, ஒன்றும் செய்ய முடியவில்லை. தார்ப்பாய்க்குள் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வந்தேன். உள்ளேயிருந்து அக்கா ஓதுகிற சத்தம் கேட்டது.

மற்றதெல்லாம் நீங்க நினைத்தபடியே இருக்கிறது. மிச்ச மூணு சுவரும் நனைகின்றன, வெயில் வந்தால் காய்கின்றன. ஒன்றும் ஆகவில்லை. உங்க வீட்டில் கெட்டுப்போனது ஒரே ஒரு சாமான், அது டிராக்டர் போகிற தூரத்துக்குள் என் கடையிலிருந்து வந்ததுதான்.

இதையெல்லாம் உங்களோடு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அக்காதான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதச் சொன்னாள். வெளிநாட்டில் ஆளை வைத்துக்கொண்டு, எல்லாரும் நல்லா இருக்கோம் என்று போனில் சொல்கிற வீடு நம்ம பக்கம் எத்தனை இருக்கு, அவுகளும் படிக்கட்டும் என்றாள். மாரியம்மாள் பெயரையும் மறைக்காமல் போடச் சொன்னாள், பொய் யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

சுவரை நிறுத்திக் காட்டுகிறேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை மச்சான். அது என் கையில் இல்லை. என் கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். சிமெண்டு கடைசிச் சில்லு வரைக்கும் நானே உரிப்பேன். அக்காவின் இத்தா முடிகிறவரை எந்த மழையிலும் மத்தியானத்துக்கு மேல் அந்த வீட்டு வாசலில் இருப்பேன். சுவர் நின்றால் நின்றது என்று சொல்வேன். விழுந்தால், விழுந்துவிட்டது மச்சான், நான்தான் காரணம் என்று அதையும் அப்படியே சொல்வேன். போனைத் திருப்பிப் பிடித்து வேறு பக்கம் காட்ட மாட்டேன்.

உங்க ஜைனம்புவின் தம்பி,
உங்க மாப்ள,
காதர்